வைஃபை விட்டு விட்டு வருகிறதா? எங்கே அறுபடுகிறது என்று முதலில் பிடியுங்கள்

அடியோடு போய்விட்ட இணைப்பைச் சரிசெய்வது சுலபம். எது வேலை செய்யவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். விட்டு விட்டு வரும் வைஃபை அப்படியல்ல. முக்கியமான கூட்டத்தின் நடுவே படம் உறைந்து நிற்கும். பழுது பார்க்க ஆள் வந்ததும் ஜோராக ஓடும். "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிடுவார்.

என் மேஜைக் கணினியில் இந்தத் தொல்லை வந்தபோது ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்: ரவுட்டரை மாற்று, விண்டோஸைத் திரும்பப் போடு, வேகமான பிளானுக்கு மாறு. எல்லாமே பணமோ ஒரு முழு நாளோ கேட்கிற வேலைகள். ஆனால் இணைப்பு எந்த இடத்தில் அறுபடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை, ரவுட்டரிலிருந்து வெளியே இன்னொரு பாதை. இரண்டில் எது விழுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வரை எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள்.

கீழே உள்ள படிகளில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் செலவு இல்லை. ஒரு லேன் கேபிள் மட்டும் இரவலாகவாவது வேண்டும். குறிப்பெடுக்க ஒரு நாள், சோதிக்க ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். விண்டோஸ் 10, 11 கணினிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மேக் மாறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருந்தாலும் அடைப்புக்குறிக்குள் உள்ளபடி ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

1. முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்

ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் போனில் படம் எடுங்கள். மாடல் பெயர், நிர்வாகப் பக்கத்தின் முகவரி, அதன் கடவுச்சொல் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். இணைய நிறுவனம் கொடுத்த சந்தாதாரர் எண்ணையும் கடைசி பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் முழு மாடல் எண்ணையும், டிவைஸ் மேனேஜரில் (கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் ஜன்னல்) நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற பகுதியில் தெரியும் வைஃபை கார்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் இணைய இணைப்பு அல்லது வான் (WAN) என்ற பகுதியைத் திறந்து, அந்தத் திரையையும் படம் எடுங்கள். சில இணைப்புகள் பிபிபிஓஇ என்ற முறையில் ஓடும். அதற்கென்று தனிப் பயனர் பெயர், கடவுச்சொல் உண்டு; சில இடங்களில் வீலேன் (VLAN) என்ற அமைப்பு எண்ணும் இருக்கும். ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறதே, அதை அழுத்திப் பிடித்தால் இவை அத்தனையும் அழிந்துவிடும். பலர் ரீஸ்டார்ட் என்று நினைத்துக்கொண்டு ரீசெட்டைச் செய்துவிட்டு, விட்டு விட்டு வந்த நெட்டையும் இழந்து நிற்கிறார்கள். கடவுச்சொல் படத்தில் புள்ளிகளாக மட்டும் தெரிந்தால், நிறுவனத்தை அழைத்து இப்போதே வாங்கி எழுதி வையுங்கள்.

2. ஒரு நாள் கவனியுங்கள், குறித்துக்கொள்ளுங்கள்

இணைப்பு போகும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: நேரம், எவ்வளவு நேரம் போயிருந்தது, அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது. கூடவே கணினியின் வைஃபை சின்னத்தையும் பாருங்கள். சின்னமே மறைந்து மறுபடி இணைகிறதா, அல்லது சின்னம் முழுதாக இருந்தும் பக்கங்கள் திறக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய்கள்.

அதே நொடியில் போனையும் எடுத்துப் பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில், கணினிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். டேட்டாவை அணைக்காவிட்டால் வைஃபை விழுந்த நொடியில் போன் சத்தமில்லாமல் அதற்குத் தாவிவிடும். உங்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

போனிலும் நின்றுவிட்டால் ரவுட்டரையோ வெளி லைனையோ சந்தேகிக்கலாம். போனில் ஓடி, கணினியில் மட்டும் நின்றால் 5ஆம் படிதான் உங்களுக்கு முக்கியம். ஆனாலும் அடுத்த படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

3. இரண்டு பிங் ஜன்னல்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி சி, எம், டி (cmd) என்று மூன்று எழுத்துகளைத் தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டி என்டர் அழுத்துங்கள். டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் ஓர் எண் இருக்கும், 192.168.1.1 அல்லது 192.168.0.1 போல. அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி.

இப்போது பிங் (ping) என்று தட்டி, இடம் விட்டு அந்த எண்ணைக் கொடுத்து, மறுபடி இடம் விட்டு ஒரு சிறு கோடும் அதை ஒட்டி டி என்ற ஆங்கில எழுத்தும் (-t) போடுங்கள். நொடிக்கு ஒரு வரியாக ஓடத் தொடங்கும். இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ரவுட்டர் எண்ணுக்குப் பதிலாக 8.8.8.8 கொடுங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி, ரவுட்டரைத் தாண்டி வெளியே இருப்பது. மேக்கில் டெர்மினல் திறந்து இதையே செய்யலாம்; கோடும் டி எழுத்தும் அங்கே வேண்டாம். நிறுத்த கன்ட்ரோலும் சி-யும்.

இரண்டு ஜன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெட் நின்றதும் நேராக அங்கே பார்வையைத் திருப்புங்கள்.

ரவுட்டர் ஜன்னலிலேயே ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்றோ ஜெனரல் ஃபெயிலியர் என்றோ வந்தால், வீட்டுக்குள்ளேயே அறுபடுகிறது. இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. 4, 5, 6, 7ஆம் படிகளுக்குப் போங்கள்.

ரவுட்டர் ஜன்னல் 2, 3 மில்லிசெகண்ட் என்று நிதானமாக ஓடிக்கொண்டிருக்க, 8.8.8.8 ஜன்னல் மட்டும் விழுந்தால் உங்கள் வைஃபை நலமாக இருக்கிறது. பழுது லைனில் இருக்கலாம், ரவுட்டர் அந்த லைனோடு பேசும் இடத்தில் இருக்கலாம். 7ஐயும் 8ஐயும் பாருங்கள்.

இரண்டுமே ஓடியும் இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவை தடுமாறுகிறது. வைஃபை இணைப்பின் அமைப்புகளில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் போட்டுப் பாருங்கள். விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) ஏதாவது ஓடினால் அதையும் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு, பலர் கவனிக்காமல் விடுவது. எதுவும் விழாது, ஆனால் ரவுட்டர் ஜன்னலில் 3, 4 என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென்று 400, 900 என்று எகிறி இறங்கும். இணைப்பு இருக்கிறது, அலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நேராக 6ஆம் படிக்குப் போங்கள்.

ஜன்னல்களை மூடும் முன் விழுந்த இடம் தெரியும்படி, நேரத்தோடு திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 8ஆம் படியில் இதுதான் உங்கள் ஆதாரம்.

4. கேபிளைச் செருகிப் பாருங்கள்

கணினியையும் ரவுட்டரையும் லேன் கேபிளால் இணைத்து, கணினியில் வைஃபையை அணைத்துவிட்டு ஓரிரு மணி நேரம் பிங் ஓட விடுங்கள். வழக்கமாக நெட் போகும் நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. கேட் 5இ வகைக் கேபிள் போதும். 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் தாங்கும். கேபிளில் துளியும் தடங்கல் இல்லையென்றால் குற்றவாளி வைஃபைதான். கேபிளிலும் விழுந்தால் ரவுட்டர் அல்லது லைன். கணினி நகர முடியாத மேஜைக் கணினி என்றால், கேபிள் தரையில் குறுக்கே கிடந்தாலும் பரவாயில்லை, ஒரு மாலைக்குத்தானே.

5. கணினியில் மட்டும் கோளாறு என்றால்

இங்கே ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றியதும் பிங்கை ஓடவிட்டு, வழக்கமாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை விழுமோ அதைப்போல மூன்று மடங்கு நேரமாவது காத்திருங்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்து சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

மேஜைக் கணினி என்றால் முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மதர்போர்டில் வைஃபை இருந்தால், கேபிள்கள் செருகும் இடத்தில் பித்தளை நிறத்தில் இரண்டு சிறிய மரைமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஆன்டெனா திருகியிருக்க வேண்டும். பெட்டியோடு வந்த ஆன்டெனா பிரிக்கப்படாமல் அட்டைப்பெட்டியிலேயே கிடப்பது சகஜம். ஆன்டெனா இல்லாமலும் சிக்னல் கொஞ்சம் வரும் என்பதால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒன்று மட்டும் திருகியிருப்பது, பாதி மரையில் ஆடிக்கொண்டிருப்பது, இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிடப்பது எல்லாமே கோளாறுதான். ஒயரோடு வரும் ஆன்டெனாவாக இருந்தால் மேஜைமேல் எடுத்து வையுங்கள்.

அடுத்தது மின்சேமிப்பு. லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது நன்றாகவும் பேட்டரியில் இருக்கும்போது மோசமாகவும் இருந்தால் அநேகமாக இதுதான். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் மேல் இரண்டு முறை தட்டி, பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியின் டிக்கை எடுத்துவிடுங்கள். சில கணினிகளில் அந்தத் தாவல் இருக்காது; அப்போது பவர் மோடைச் சிறந்த செயல்திறன் என்ற நிலைக்கு மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் டிரைவர், அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், அதே ஜன்னலில் டிரைவர் தாவலில் ரோல் பேக் பொத்தானை அழுத்திப் பழையதற்குத் திரும்பலாம். அப்படி இல்லையென்றால் கணினி நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டுப் புதிய டிரைவரை இறக்குங்கள். டிரைவர்களைத் தானாகத் தேடித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நெருங்கவே வேண்டாம். வேண்டாத நிரல்களைக் கூடவே கொண்டுவருபவை அவற்றில் நிறைய.

இன்னும் பிடிபடவில்லையா? விண்டோஸ் தன் பங்குக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, டபிள்யூலேன்ரிப்போர்ட் (netsh wlan show wlanreport) என்ற நான்கு சொற்களையும் இடம் விட்டு விட்டுத் தட்டுங்கள். கடந்த 3 நாள்களில் எப்போது இணைந்தது, எப்போது துண்டித்தது, என்ன காரணத்தால் என்று வரைபடத்தோடு ஓர் அறிக்கை தயாராகும். அது சேமிக்கப்பட்ட இடத்தையும் அங்கேயே காட்டும், பிரவுசரில் திறக்கலாம். 2ஆம் படியில் நீங்கள் எழுதிய நேரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நெட்வொர்க் ரீசெட் என்ற பொத்தானைக் கடைசியாக வையுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் விபிஎன் அமைப்புகளையும் அது அழித்துவிடும், கணினியும் மறுதொடக்கம் ஆகும். அலுவலக விபிஎன் வைத்திருப்பவர்கள் அதன் விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு மட்டுமே அழுத்துங்கள்.

6. அலையில் நெரிசல் என்றால்

முதலில் சிக்னலின் பலம். மேக்கில் ஆப்ஷன் விசையைப் பிடித்தபடி வைஃபை சின்னத்தைத் தட்டினால் ஆர்எஸ்எஸ்ஐ என்ற எண் தெரியும். -50 என்றால் அருமை. -67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். -75ஐயும் தாண்டி -80, -85 என்று இறங்கினால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது, ரவுட்டரையோ கணினியையோ நகர்த்தித்தான் ஆக வேண்டும். விண்டோஸில் நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ் (netsh wlan show interfaces) என்று தட்டினால் இதையே சதவீதமாகப் பார்க்கலாம்; சேனல் எண்ணும் அதிலேயே இருக்கும்.

ரவுட்டரை உயரமாக, திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், பெரிய கண்ணாடிக்குப் பின்னால், மீன் தொட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும்.

இனி 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் விவகாரம். 2.4 தூரம் போகும், ஆனால் கூட்டம் அதிகம்: பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ரவுட்டரில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, இந்த மூன்றில் எது காலியோ அதைக் கையால் வையுங்கள். காலி இடம் தேடி 3ஐயோ 8ஐயோ வைத்தால் இரண்டு பக்கத்து நெரிசலும் உங்கள் தலையில் விழும்.

5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு. கணினியும் ரவுட்டரும் ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அதிலும் ஒரு பொறி. 52 முதல் 144 வரையான சேனல்களை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ரேடார் அலை கேட்டதாக ரவுட்டர் நினைத்தால் உடனே அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும், அது விதி. அடுத்துப் போகும் சேனலும் இதே வகை என்றால் அங்கே குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே ஒலிபரப்பலாம். உங்களுக்கு அது ஒரு நிமிடம் நெட் மாயமாகி, தானாகத் திரும்புவதாகத் தெரியும். ரவுட்டரில் சேனல் ஆட்டோ என்று இருந்தால் 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றுக்கு மாற்றி, அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாமல் வையுங்கள்.

2.4, 5 ஆகிய இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் கணினி இங்கும் அங்கும் தாவும்போதும் அறுபடும். சோதனைக்காகவாவது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து ஒன்றில் மட்டும் இணையுங்கள்.

என் கணினியில் கடைசியில் அகப்பட்டது வேறொன்று. 2.4இல் இருக்கும்போது, அதுவும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் ஓடும்போது மட்டும் பிங் எண் எகிறியது. டிஸ்க்கைக் கழற்றிய அடுத்த வரியிலேயே 3 மில்லிசெகண்டுக்கு இறங்கியது. யுஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கணினியில் யுஎஸ்பி வைஃபை குச்சி வைத்திருப்பவர்கள் அதை யுஎஸ்பி 3 துளைகளை விட்டுத் தள்ளி, ஒரு நீட்டிப்பு ஒயரில் மாட்டுங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலும் தீரும்.

7. ரவுட்டர்

எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து மறுபடி எரிந்தால் ரவுட்டர் தானாக மறுதொடக்கம் ஆகிறது. தொட்டால் கை சுடும் அளவுக்கு இருந்தால் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். சூடு இல்லையென்றால் பவர் அடாப்டரைச் சந்தேகியுங்கள்; சில வருடங்கள் ஓடியதும் தளர்ந்துபோவது பெரும்பாலும் அதுதான். மாற்று வாங்கும்போது வோல்ட் அச்சு அசலாக அதே, ஆம்பியர் அதே அல்லது கூடுதல், முனையின் பிளஸ் மைனஸ் குறியும் அதே. வோல்ட் மாறினால் ரவுட்டரே போய்விடும்.

கடிகாரம் வைத்ததுபோல் சரியாக ஒவ்வொரு மணி நேரமும் விழுந்தால் வைஃபை பாதுகாப்புப் பகுதியில் க்ரூப் கீ (இணைந்திருக்கும் கருவிகளுக்குப் பொதுவான பாதுகாப்புச் சாவி) புதுப்பிக்கும் இடைவெளியைப் பாருங்கள். பல ரவுட்டர்களில் அது 3600 விநாடி. பழைய வைஃபை கார்டுகள் அந்த நேரத்தில் தடுக்கி விழுவதுண்டு. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த நிலையில் இருந்தால் டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துச் சோதியுங்கள்.

ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு இருந்தால் செய்யுங்கள், சில நிமிடங்கள் பிடிக்கும். நடுவே மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

8. லைனில் பழுது என்றால்

"நெட் அடிக்கடி போகுது" என்று புகார் கொடுத்தால், ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்ற பதிலோடு முடிந்துவிடும். இப்படிச் சொல்லுங்கள்: கேபிளில் இணைத்தும் விழுகிறது, ரவுட்டருக்கு பிங் ஓடுகிறது, வெளியே மட்டும் நிற்கிறது, இன்னின்ன நேரங்களில் விழுந்தது, படம் இருக்கிறது. புகார் எண்ணையும் தேதியையும் வாங்கி எழுதுங்கள். எண் இல்லாத புகார் புகாரே அல்ல.

ஃபைபர் இணைப்பில், நெட் போகும்போது எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வந்து சேரவில்லை. கண்ணாடி இழை கூர்மையாக மடங்கி, நாற்காலிக்கடியில் நசுங்கி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முனையைக் கழற்றாதீர்கள், உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், அது லேசர். வருகிற ஆளிடம் ஒளியின் அளவை மீட்டரில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். பொதுவான ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் -8க்கும் -27 டிபிஎம்முக்கும் நடுவே இருக்க வேண்டும். -27ஐ ஒட்டி நின்றால் விட்டு விட்டு வருவதற்கு அதுவே போதும். அளவைக் குறித்துக்கொண்ட பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடுங்கள்.

9. பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால்

மேஜைக் கணினிக்கு மிக மலிவான, நிரந்தரமான தீர்வு லேன் கேபிள்தான். முடியாவிட்டால் புதிய வைஃபை கார்டு அல்லது யுஎஸ்பி குச்சி. கணினியில் மட்டும் கோளாறு என்று 5ஆம் படியில் உறுதியானவர்களுக்கு மட்டும். ரவுட்டர் அதற்குப் பிறகு. வீடு பெரிது, சிக்னல் எட்டவில்லை என்றால் மெஷ், அதாவது ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்து இயங்கும் பல ரவுட்டர்கள். மலிவான எக்ஸ்டெண்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வாங்கும் முன் யோசியுங்கள்: ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்புபவை வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

எதை வாங்கினாலும் ரசீதையும் பெட்டியையும் வைத்திருங்கள், திருப்பித் தரும் கெடுவைக் கேட்டு வாங்குங்கள். வந்த அன்றே, வழக்கமாக நெட் போகும் நேரத்தில், அதே இரண்டு பிங் ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். கெடு முடிவதற்குள் ரவுட்டர் ஜன்னல் மறுபடி விழுந்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய ரவுட்டரை அதுவரை யாருக்கும் தந்துவிட வேண்டாம்.